வட்டில் இடமுண்டு, கோப்புக்கு இடமில்லை: யுனிக்ஸ் சேவையகங்களில் வளர்ச்சிக்கான திட்டமிடல்

யுனிக்ஸ் வகைச் சேவையகத்தில் கோப்பு முறைமை ஒன்றை உருவாக்கும் கட்டளை சில விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் எழுதப்படும் எண்களில் சில, பிறகு எத்தனை ஆண்டு கழித்து எவர் வந்து நிர்வகித்தாலும் மாற்ற முடியாதவை. வேறு சிலவற்றை எந்த நேரத்திலும் ஒரு வரியில் மாற்றிவிடலாம். நிர்வாகிகள் பலர் தலையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்காகத்தான். முதல் வகையை இயல்பு மதிப்புக்கு விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சிக்குத் திட்டமிடுவதில் முதல் வேலை, எது எந்த வகை என்று பிரித்துக்கொள்வது.

மாற்ற முடியாதவற்றில் மூத்தது ஐநோட் எண்ணிக்கை. யுனிக்ஸில் ஒரு கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும்; அதன் உரிமையாளர், அனுமதிகள், அளவு, நேரமுத்திரைகள், உள்ளடக்கம் வட்டில் கிடக்கும் இடங்கள் ஆகியவை ஐநோட் என்ற சிறு பதிவில் இருக்கும். கோப்பின் பெயர் இதில் இல்லை. பெயரையும் ஐநோட் எண்ணையும் இணைப்பது கோப்புறையின் வேலை. ஒரு கோப்புக்கு ஓர் ஐநோட் வேண்டும், ஒரு கோப்புறைக்கும் அப்படியே. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் யுனிக்ஸ் காலத்திலிருந்தே இந்தப் பதிவுகளுக்கென வட்டில் தனி இடம் முன்கூட்டி ஒதுக்கப்பட்டது. பெர்க்லியில் மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபாப்ரி ஆகிய நால்வரும் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த வேகக் கோப்பு முறைமை, ஐநோட்களை வட்டு முழுவதும் பகுதி பகுதியாகப் பரப்பி வைத்தது. முன்கூட்டி ஒதுக்கும் வழக்கத்தை அது கைவிடவில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றும் அந்த வழியில் வந்தவை.

எக்ஸ்ட்4-ன் இயல்பு மதிப்பின்படி, வட்டில் ஒவ்வொரு 16,384 பைட்டுக்கும் ஓர் ஐநோட் ஒதுக்கப்படுகிறது. ஓர் ஐநோட்டின் அளவு 256 பைட். 1 டிபி கொண்ட கோப்பு முறைமையில் 6 கோடியே 71 இலட்சம் ஐநோட்கள் கிடைக்கும். அவை மட்டும் 16 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். சேமிக்கப்படும் கோப்புகளின் சராசரி அளவு 16 கேபிக்கு மேல் இருக்கும் என்ற ஊகம் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. பொதுவான அலுவலகச் சேவையகத்துக்கு அது தாராளமான ஊகம்தான். ஆனால் எல்லாச் சேவையகமும் அலுவலகச் சேவையகம் அல்ல.

திருகோணமலைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். சீனக்குடாவிலுள்ள பிரிமா மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலானாலும், டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் கொண்டுவரும் கப்பலானாலும், ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி அதில் இருக்கும். நங்கூரமிட்டு நிற்கும் கலம் 3 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை வானொலி அலையில் அறிவிக்கும். ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒருமுறை அறிவிக்கும். உட்துறைமுகத்திலும் கொட்டியாரக் குடாவிலுமாக நாளொன்றுக்குச் சராசரியாக 20 கலங்கள் நிற்கின்றன என்றும், கரையில் ஒரு வாங்கி அவற்றைக் கேட்டுப் பதிகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு கலத்திலிருந்து நாளுக்கு 480 செய்திகள். 20 கலங்களிலிருந்து 9,600. ஆண்டுக்கு 35 இலட்சத்து 4 ஆயிரம். ஓடும் கப்பல்களை இதில் சேர்க்கவே இல்லை.

ஒரு செய்தி வரி 82 எழுத்துக்கு மேல் போவதில்லை. எனவே ஓராண்டுச் செய்திகள் அனைத்தும் சேர்ந்து 290 எம்பியைத் தாண்டா. இந்தக் கணக்கைப் பார்க்கும் எவரும் 100 ஜிபி கொண்ட ஒரு பகுதி முந்நூறு ஆண்டுக்குப் போதும் என்று சொல்லிவிடுவார். பதியும் நிரல் செய்திகளை நாளுக்கு ஒரு கோப்பில் தொடர்ச்சியாக எழுதினால் அது சரிதான்.

அதே நிரல் ஒவ்வொரு செய்தியையும் தனிக் கோப்பாக எழுதினால் கதை மாறுகிறது. இப்படி எழுதும் நிரல்கள் அரிதானவை அல்ல. எழுதுவதற்கு எளிதான வழி அதுதான். 82 எழுத்துக் கோப்பும் வட்டில் 4,096 பைட் கொண்ட ஒரு முழு பிளாக்கைப் பிடிக்கும். அது முதல் இழப்பு. தேவையைப் போல் ஐம்பது மடங்கு இடம் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், 100 ஜிபி எக்ஸ்ட்4 முறைமையில் இயல்பாக இருப்பது 65 இலட்சத்து 53 ஆயிரத்து 600 ஐநோட்கள் மட்டுமே என்பது. ஆண்டுக்கு 35 இலட்சம் கோப்பு என்ற வேகத்தில் இரண்டாம் ஆண்டு நிறையும் முன்பே அவை தீர்ந்துவிடும். அன்று பிளாக்குகளில் நிரம்பியிருப்பது 25 ஜிபி, அதாவது வட்டின் கால்பங்கு. முக்கால்பங்கு காலியாகக் கிடக்க, அடுத்த கோப்பை எழுத முயலும் நிரலுக்குக் ‘கருவியில் இடம் இல்லை’ என்ற பிழைச்செய்தி வரும். நிர்வாகி ‘டிஎஃப்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இடம் தாராளமாகத் தெரியும். வட்டு பழுதோ, அனுமதிச் சிக்கலோ என்று தேடத் தொடங்குவார். அதே கட்டளையை ‘-ஐ’ விருப்பத்துடன் போட்டால் நூறு விழுக்காடு என்று ஒரு நொடியில் காட்டிவிடும்.

இந்த நிலைக்கு வந்த எக்ஸ்ட்4 முறைமையில் ஐநோட்களை மட்டும் கூட்ட வழி கிடையாது. முறைமையைப் பெரிதாக்கினால் பழைய விகிதத்திலேயே புதிய ஐநோட்கள் சேரும். 100 ஜிபியை 200 ஜிபி ஆக்கினால் எண்ணிக்கை இரட்டிக்கும், இன்னும் ஓரிரு ஆண்டு ஓடும், பிறகு அதே சுவரில் முட்டும். உண்மையான தீர்வு, தரவை வேறிடத்துக்கு நகலெடுத்து, புதிய விகிதத்தில் முறைமையை மீண்டும் உருவாக்கி, திரும்பக் கொண்டுவருவது. 65 இலட்சம் சிறு கோப்புகளை நகலெடுப்பது, 25 ஜிபி கொண்ட ஒரே கோப்பை நகலெடுப்பதைப் போல ஓரிரு நிமிட வேலை ஆகாது. தொடக்கத்தில் விகிதத்தை 4,096 என்று கொடுத்திருந்தால், பிளாக்குக்கு ஓர் ஐநோட் வீதம் கிடைத்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தீர்ந்திருக்கும். மின்னஞ்சல் சேவையகங்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். க்யூமெயில் மென்பொருளுடன் 1990களில் பரவிய மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற ஒரு நிறுவனம் மாணவர்களுக்கு இந்த முறையில் அஞ்சல்பெட்டி வைத்தால், கணக்கிட வேண்டியது மடல்களின் மொத்தப் பருமனை மட்டும் அல்ல. எண்ணிக்கையையும் கணக்கிட வேண்டும். பெரிய காணொளிகளையோ ஸ்கேன் படங்களையோ வைக்கும் வட்டுக்கு நிலைமை நேரெதிர். அங்கே இயல்பு விகிதமே வீண். 1 எம்பிக்கு ஓர் ஐநோட் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்கூட்டியே அதிகமாக ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். அந்த வழியின் விளைவைத் திருகோணமலை மாவட்டமே பெரிய அளவில் கண்டிருக்கிறது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய பின், 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்டன. மேல், கீழ் என இரு தொகுதிகளாக உள்ள அவற்றில் இன்று கணக்கில் உள்ளவை 99. ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர். ஒரு பேரரசின் கிழக்குக் கடற்படை வளர்ந்துகொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பில் போட்ட கணக்கு அது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. கடற்படைத் தளம் 1957-ல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எதிர்பார்த்த கடற்படையே இல்லாமல் போனது. மேற்தொகுதித் தாங்கிகள் பல பத்தாண்டுகள் காட்டுக்குள் பயனின்றிக் கிடந்தன. லங்கா ஐஓசி நிறுவனம் 2003-ல் வந்த பிறகும் பயன்பட்டவை கீழ்த்தொகுதியில் இருந்தவையே. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் 14 தாங்கிகளை அந்நிறுவனத்துக்கும், 24-ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61-ஐ இருவரின் கூட்டு நிறுவனத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. கட்டிய காலத்தில் செய்த முடிவைப் பயன்படுத்த ஒரு நூற்றாண்டு கழித்தும் பேச்சுவார்த்தை வேண்டியிருக்கிறது. இரும்பில் வார்த்த கொள்ளளவை வேறொன்றாக மாற்ற முடியாது என்பதுதான் காரணம்.

கணினி வட்டில் இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. இடத்தை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருப்பதே அது. எல்விஎம் என்ற தருக்கத் தொகுதி மேலாண்மை இதற்காகவே இருக்கிறது. எச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ் போன்ற வணிக யுனிக்ஸ்களில் முன்பே வேரூன்றி, 1998-ல் ஹைன்ஸ் மவுயல்ஸ்ஹாகன் வழியாக லினக்ஸுக்கு வந்த ஏற்பாடு இது. இதில் வட்டுகள் எல்லாம் ஒரே குழுவாகச் சேர்ந்து, 4 எம்பி கொண்ட துண்டுகளாக வெட்டப்படும். கோப்பு முறைமைகளுக்குத் தேவைக்கேற்பத் துண்டுகள் கொடுக்கப்படும். 4 டிபி வட்டு வந்திறங்கிய அன்றே நான்கையும் ஒரே கோப்பு முறைமைக்குக் கொடுப்பது பரவலான பழக்கம்; நல்ல பழக்கம் அல்ல. இன்றைய தேவையையும் அடுத்த ஓராண்டு வளர்ச்சியையும் மட்டும் கொடுத்து, மீதியைக் குழுவில் விட்டுவைப்பது மேல். அஞ்சல் பகுதி வேகமாக வளர்ந்தால் அதற்கும், தரவுத்தளம் வளர்ந்தால் அதற்கும் கொடுக்கலாம். பெரிதாக்குவது ஓடும்போதே நடக்கும். பயனாளிகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. திரும்ப வாங்குவது அப்படி இல்லை. எக்ஸ்ட்4-ஐச் சுருக்க அதை இறக்கி வைத்தாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க நடைமுறையில் வழியே இல்லை. ஒருவழிப் பாதையில் மெல்லப் போவதே முறை.

எக்ஸ்எஃப்எஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1990களில் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய முறைமை இது; 2014-ல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ல் இயல்புத் தேர்வானது. ஐநோட்களைத் தேவைப்படும்போதே உருவாக்கிக்கொள்ளும் என்பதால், மேலே சொன்ன துறைமுகச் சிக்கல் இதில் எழாது. ஐநோட்கள் பிடிக்கலாகும் உச்ச இடத்துக்கு ஒரு விழுக்காட்டு வரம்பு உண்டு. அதைப் பின்னாளிலும் மாற்றலாம். சிறு கோப்புகளின் எண்ணிக்கையை முன்கூட்டிக் கணிக்க முடியாத இடத்தில் எக்ஸ்எஃப்எஸ்ஸைத் தேர்வது ஐநோட் கவலையை ஒரேயடியாகத் தீர்த்துவிடும்.

இதற்கும் பிறவியிலேயே ஒட்டிக்கொள்ளும் எண் ஒன்று இருக்கிறது, ஒதுக்கீட்டுக் குழுவின் அளவு. எக்ஸ்எஃப்எஸ் தன் இடத்தைச் சம அளவான குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிர்வகிக்கும். மிகப் பெரிதல்லாத ஒரே வட்டில் உருவாக்கும்போது இயல்பாக 4 குழுக்கள். 10 ஜிபி மெய்நிகர் வட்டில் உருவானால் ஒரு குழுவுக்கு 2.5 ஜிபி. இந்த அளவு பிறகு மாறாது. முறைமை பெரிதாகும்போது அதே 2.5 ஜிபி குழுக்கள் மேலும் மேலும் சேரும். மேகக்கணினிச் சேவைகளில் சிறிய அச்சுப் படிமம் ஒன்றிலிருந்து சேவையகத்தை எழுப்பி, பிறகு வட்டை நீட்டிக்கொண்டே போவது வழக்கம். அப்படி 10 ஜிபியில் பிறந்தது 10 டிபிக்கு வளர்ந்தால் அதில் 4,096 குழுக்கள் இருக்கும். நேரடியாக 10 டிபியில் பிறந்ததில் குழுவுக்கு 1 டிபி வீதம் பத்தே குழுக்கள். காலியிடம் தேடும் வேலை அத்தனை ஆயிரம் சிறு பகுதிகளில் சிதறுவதால் முன்னதன் வேகம் குறையும். ஆகவே, படிமத்திலுள்ள வேர்ப் பகுதியை அப்படியே விட்டு, வளரப்போகும் தரவுக்கு வேறொரு கோப்பு முறைமையை நேரடியாக உருவாக்குவது நல்லது. பழைய ரெட் ஹாட் 7 சேவையகங்களில் இன்னொரு பிறவிக் குறி உண்டு. கோப்புறைப் பதிவில் கோப்பின் வகையைச் சேர்க்கும் ‘எஃப்டைப்’ அமைப்பு அதன் முதல் பதிப்புகளில் அணைந்திருந்தது. டாக்கர் பரவி, அதன் அடுக்கு முறைமைக்கு இந்த அமைப்பு கட்டாயம் என்றானபோது, மீண்டும் உருவாக்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

வரம்புகள் வேறு சில, கோப்பு முறைமைக்கு வெளியே பதுங்கியிருப்பவை. எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அட்டவணை, 512 பைட் பிரிவுகள் கொண்ட வட்டில் 2 டிபிக்கு மேல் பார்க்காது. 1 டிபி வட்டுக்கு அதைப் போட்டுவிட்டு, பிறகு மெய்நிகர் வட்டை 4 டிபிக்கு நீட்டுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார். ஜிபிடி அட்டவணைக்கு அந்தத் தொல்லை இல்லை. 50 ஜிபி வட்டுக்குக்கூட அதையே போடலாம். எக்ஸ்ட்4-ல் 64 பிட் வசதி இல்லாமல் உருவானது 16 டிபியில் நிற்கும். 2016-க்குப் பிந்திய கருவிகள் அதை இயல்பாகவே சேர்த்துவிடுகின்றன. எக்ஸ்ட்3-ல் ஒரு கோப்புறைக்குள் 31,998 உட்கோப்புறைகள்தான் அமையும். பயனருக்கு ஒரு கோப்புறை என்று எழுதப்பட்ட பழைய நிரல்கள் அந்த எண்ணில் திடீரென நின்றிருக்கின்றன. இசட்எஃப்எஸ்ஸில் ‘ஆஷிஃப்ட்’ என்ற எண் வட்டின் பிரிவு அளவைக் குறிக்கும். வட்டுத் தொகுப்பைச் சேர்க்கும் தருணத்தில் அது உறைந்துவிடும். 4,096 பைட் பிரிவுள்ள வட்டுக்கு அது 12 ஆக இருக்க வேண்டும். 9 என்று அமைந்தால் எழுதும் வேகம் அடிவாங்கும்.

நேரமும் ஒரு வரம்புதான். 128 பைட் ஐநோட் கொண்ட எக்ஸ்ட் முறைமைகள் விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19-ஆம் தேதி இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு அந்த எண் நிரம்பிவிடும். 256 பைட் ஐநோட்டில் கூடுதல் பிட்கள் இருப்பதால் 2446 வரை கணக்கு ஓடும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ‘பிக்டைம்’ அமைப்பு 2486 வரை கொண்டுபோகும். இன்று அமைக்கும் ஆவணக் காப்பகமோ மருத்துவப் பதிவேடோ 2038-ஐக் காணாது என்று எவரும் சொல்ல முடியாது. எக்ஸ்ட் முறைமையைச் சிறிய அளவில் உருவாக்கினால் 128 பைட் ஐநோட்டைத் தேர்ந்துகொள்ளும் கருவிப் பதிப்புகள் பழைய சேவையகங்களில் இன்னும் ஓடுகின்றன. அண்மைக்கால லினக்ஸ் கருநிரல்கள் இத்தகைய முறைமையை ஏற்றும்போதே 2038 பற்றி எச்சரிக்கை எழுதுகின்றன. அந்த வரி பதிவேட்டில் தென்பட்டால் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட்டால், அதிகம் விவாதிக்கப்படும் அமைப்புகள் பல கவலைக்குரியவை அல்ல. எக்ஸ்ட்4-ல் மேலாளர் கணக்குக்கென ஒதுக்கப்படும் 5 விழுக்காடு, 1 டிபியில் 51 ஜிபியை முடக்கும். தரவு வட்டில் அதை 1 ஆகக் குறைக்க ஒரு வரி போதும். முழுவதும் துடைத்துவிடக் கூடாது. வட்டு நிரம்ப நிரம்பத் தொடர்ச்சியான காலியிடம் கிடைக்காமல் கோப்புகள் துண்டாகும். பெர்க்லிக் குழுவினர் 10 விழுக்காட்டைக் காலியாக விடச் சொன்னதும் இதனால்தான். கோப்பைப் படித்த நேரத்தைப் பதிவதா வேண்டாமா என்பதும் இவ்வாறே எப்போதும் மாற்றத்தக்கது.

எவ்வளவு இடத்தைக் கையிருப்பில் வைப்பது என்ற கேள்விக்கு விழுக்காட்டில் விடை சொல்வது பயனற்றது. 90 விழுக்காட்டில் எச்சரிக்கை மணி அடிக்கச் சொல்லும் வழக்கம் எங்கும் உள்ளது. 10 டிபி வட்டில் மீதமுள்ள ஒரு டிபி ஓரிடத்தில் மூன்றாண்டுக்கு வரும், இன்னோரிடத்தில் மூன்று வாரத்துக்குக்கூட வராது. எச்சரிக்கையை மாதக்கணக்கில் வைக்க வேண்டும். புதிய வட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நாளிலிருந்து, அது பூட்டப்பட்டு இயங்கும் நாள்வரை செல்லும் காலமே கையிருப்பின் அளவுகோல். இலங்கையின் அரச அலுவலகங்களில் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பிப்ரவரியில் தீரும் வட்டுக்கு முந்திய ஆண்டின் நடுவிலேயே மதிப்பீடு கொடுத்திருக்க வேண்டும். மாதம் 40 ஜிபி வளரும் தொகுதிக்கு, கொள்வனவு 9 மாதம் ஆகுமென்றால், 360 ஜிபி மீதமிருக்கும்போதே மணி அடித்தாக வேண்டும். ஐநோட்களுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

2022 இந்தக் கணக்கைக் கடுமையாகச் சோதித்த ஆண்டு. அந்நியச் செலாவணி வற்றியபோது, இறக்குமதிப் பொருளான வன்தட்டுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று எந்தக் கடையும் உறுதி சொல்லும் நிலையில் இருக்கவில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. ஒதுக்காத இடம் கையிருப்பில் இருந்த சேவையகத்துக்கும், முதல்நாளே முழு வட்டையும் நிரப்பிக்கொண்ட சேவையகத்துக்கும் உள்ள வேறுபாடு அத்தகைய மாதங்களில்தான் தெரியவரும். மின்வெட்டு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் குறிப்பேடு வைத்து எழுதுவதால், மின்சாரம் போய்வந்தபின் சாதாரணமாக விரைவில் எழுந்துவிடும். பழுது வந்து முழுச் சோதனை தேவைப்பட்டால், வட்டின் கொள்ளளவோடு கோப்புகளின் எண்ணிக்கையும் சேர்ந்து காலத்தைத் தீர்மானிக்கும். கோடிக்கணக்கான சிறு கோப்புகள் ஒரே முறைமையில் குவிந்திருந்தால் சோதனைக்கு நேரமும் நினைவகமும் மிகுதியாக வேண்டும். இரவுக் காப்புநகலும் விடியுமுன் முடியாது. ஒரே பெருமுறைமைக்குப் பதில் ஆண்டுக்கொன்றாகவோ துறைக்கொன்றாகவோ பிரித்து வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

எல்லாக் கணிப்புக்கும் அடிப்படை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையகம். அதில் நிரம்பியுள்ள பைட்களைப் பயன்பட்ட ஐநோட்களால் வகுத்தால் சராசரிக் கோப்பு அளவு கிடைத்துவிடும். ஓராண்டு இடைவெளியில் இருமுறை வகுத்துப் பார்த்தால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும். அந்த எண் 16,384-க்குக் கணிசமாகக் கீழே இருந்தால், எக்ஸ்ட்4-ன் இயல்பு விகிதத்தில் புதிய வட்டை உருவாக்கக் கூடாது. உருவாக்கும் கட்டளைகளுக்கு ஒத்திகை விருப்பமும் உண்டு: எக்ஸ்ட்4 கருவியில் சிறிய ‘என்’, எக்ஸ்எஃப்எஸ் கருவியில் பெரிய ‘என்’. அதைச் சேர்த்து ஓட்டினால் வட்டில் எதையும் எழுதாமல், எத்தனை ஐநோட், எத்தனை குழு, என்ன பிளாக் அளவு என்பதை எல்லாம் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும்.